சவாலான மாணவர் நடத்தை: இடர் மதிப்பீடும் பள்ளியின் எதிர்வினையும் (தமிழ்நாட்டுப் பள்ளிகளை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் ஒருவரின் நடத்தை கற்றலுக்கோ பிறர் பாதுகாப்புக்கோ இடையூறாகும்போது பள்ளி மேற்கொள்ளும் எதிர்வினை அந்நடத்தையைத் தணிக்கவும் கூடும், வளர்க்கவும் கூடும். பிரம்பைச் சட்டம் விலக்கிய பின்னர் அதன் இடத்தை நிரப்ப வேண்டிய தொழில்முறை அறிவு தமிழ்நாட்டு ஆசிரியர்களைப் போதிய அளவில் சென்றடையவில்லை. நடத்தையின் பயனைக் கண்டறியும் முறை, கொந்தளிப்பின் படிநிலைகள், அச்சுறுத்தல் மதிப்பீடு ஆகியவற்றை விளக்கும் இக்கட்டுரை, 2023ஆம் ஆண்டு நாங்குநேரி நிகழ்வை முன்னிறுத்தி அவற்றின் பொருத்தத்தையும் போதாமையையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சவாலான நடத்தை, இடர் மதிப்பீடு, உடல்தண்டனை, அச்சுறுத்தல், மாற்றுச் சான்றிதழ், நாங்குநேரி, பள்ளி நல அலுவலர்

முன்னுரை

பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி முதலிய உவமைகளால் தலை, இடை, கடை என வகுக்கிறது. அத்துடன், நூல் கற்பிக்கத் தகாதவர் யார் என்பதற்கும் ஒரு பட்டியல் தருகிறது. களிப்பவன், சோம்பன், செருக்குடையவன் ஆகியோருடன் பிணக்கம் கொள்பவனும் சினமுடையவனும் உறங்குபவனும் அப்பட்டியலில் உள்ளனர். மாணாக்கரைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஆசிரியரிடம் இருந்த காலத்தின் நெறி அது. இன்றைய ஆசிரியருக்கு அவ்வுரிமை இல்லை. குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்கக் கல்வி முடியும்வரை எக்குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது (பிரிவு 16). உடல்தண்டனைக்கோ மன உளைச்சலுக்கோ உள்ளாக்கக் கூடாது என்றும் விதிக்கிறது (பிரிவு 17). சினமுடையவனும் உறங்குபவனும் இன்று வகுப்பறையில் உரிமையோடு அமர்ந்திருக்கின்றனர்.

இச்சட்டத்திற்கு முன்னரே, 2003இல், தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டு உடல்தண்டனைக்கு இடமில்லாமல் செய்யப்பட்டது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளையே குறிப்பதால், ஒன்பதாம் வகுப்பு முதல் மேல்நிலை வகுப்புகள் வரை பயில்வோருக்கு இம்மாநில விதியே முதன்மைக் காப்பாக நிற்கிறது. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் உடல்தண்டனை ஒழிப்புக்கான வழிகாட்டு நெறிமுறைகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்துமாறு பள்ளிக் கல்வித் துறைக்கு அறிவுறுத்த நேர்ந்தது. விதி திருத்தப்பட்டு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அது தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பழக்கம் சட்டத்தைவிட மெல்லவே மாறும். திண்ணைப் பள்ளியின் கோதண்டம் மறைந்துவிட்டது. தோப்புக்கரணமும் முட்டி போடுதலும் முற்றிலும் மறையவில்லை. ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி ஆசிரியர் அறைகளில் இன்னும் ஒலிக்கிறது. கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோரின் பேச்சில் நம்பிக்கையும் வன்முறையும் பிரிக்க இயலாதவாறு கலந்திருந்தன. அந்த ஒப்பந்தம் இன்று செல்லாது. அதற்கு மாற்றாக எது வந்துள்ளது என்பதே ஆய்வுக்குரிய வினா.

சொல்லும் அதன் சார்பும்

‘அடங்காப்பிள்ளை’, ‘திமிர் பிடித்தவன்’, ‘ஒழுங்கீனம்’ ஆகிய வழக்குச் சொற்கள் அனைத்தும் குறையை மாணவரின் இயல்பில் நிறுத்துகின்றன. ‘சவாலான நடத்தை’ என்னும் தொடர் வேறொரு சார்புடையது. அறிவுசார் குறைபாடுடையோருக்கான சேவைத் துறையில் 1980களில் பரவிய இத்தொடர், அந்நடத்தை நிறுவனத்திற்கு விடுக்கும் சவாலைச் சுட்டவே ஆளப்பட்டது. காலப்போக்கில் ‘சவாலான மாணவர்’ என்று அடைமொழி ஆளுக்கு இடம்பெயர்ந்ததால் சொல்லின் நோக்கம் பெரும்பாலும் வீணாயிற்று. இக்கட்டுரை நடத்தையையே சவாலானது எனக் குறிக்கிறது.

இடர் என்பதையும் வரையறுத்தல் வேண்டும். பள்ளி நிருவாகங்கள் இடரைப் பெரும்பாலும் ஒரு திசையிலேயே காண்கின்றன: மாணவரால் ஆசிரியருக்கோ பிற மாணவருக்கோ நேரும் தீங்கு. மாணவர் தமக்குத் தாமே இழைத்துக்கொள்ளும் தீங்கு இரண்டாம் திசை. பெரியவர்களின் எதிர்வினையால் மாணவருக்கு விளையும் தீங்கு மூன்றாம் திசை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முன்னே நிறுத்தி அவமதிக்கப்பட்ட மாணவரிடம் இம்மூன்றும் ஒரே நாளில் ஒன்று சேரக்கூடும். முதல் திசையை மட்டும் கணக்கிடும் இடர் மதிப்பீடு மற்ற இரண்டையும் பெருக்கிவிடும்.

நடத்தையால் மாணவர் பெறுவது என்ன?

பி. எஃப். ஸ்கின்னரின் நடத்தையியலிலிருந்து வளர்ந்த பயன்வழிப் பகுப்பாய்வு மூன்று வினாக்களைக் கேட்கிறது. நடத்தைக்குச் சற்றுமுன் என்ன நிகழ்ந்தது? நடத்தை எத்தகையது? அதன்பின் என்ன விளைந்தது? இவற்றுள் மூன்றாவது வினாவே பள்ளிகளில் மிகக் குறைவாகக் கேட்கப்படுகிறது.

ஒரு சூழலைக் கற்பனையாகக் கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பு, தமிழ்ப் பாடவேளை. உரைநடைப் பாடத்தை வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு பத்தி வாய்விட்டுப் படிக்கின்றனர். கடைசி வரிசை மாணவன் ஒருவனுக்குக் கூட்டெழுத்துகளும் நெடுந்தொடர்களும் தடுமாற்றம் தருபவை. தன் முறை வருவதற்கு இரண்டு பேர் முன்பாக, பக்கத்தில் இருப்பவனின் நோட்டை இழுத்துக் கீழே போடுகிறான், சிரிப்பு எழுகிறது. ஆசிரியர் கண்டிக்கிறார், அவன் எதிர்த்துப் பேசுகிறான், வெளியே நில் என்று அனுப்பப்படுகிறான். ஆசிரியரின் கணக்கில் அது தண்டனை. அவனுக்கோ விடுதலை. படிக்கத் தெரியாது என்பது நாற்பது பேர் முன்னிலையில் வெளிப்படவிருந்தது, இப்போது வெளிப்படவில்லை. வகுப்பைப் பொறுத்தவரை அவன் எழுத்தறியாதவன் ஆகவில்லை, துணிச்சல்காரன் ஆகிவிட்டான். வெறுக்கத்தக்க ஒன்றிலிருந்து தப்ப உதவும் செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்பதே எதிர்மறை வலுவூட்டம் எனப்படுகிறது. அடுத்த வாரம் அதே பாடவேளையில் அதே நிகழ்வு வரும். ஆசிரியர் அதைத் திமிர் என்று பதிவுசெய்வார்.

ஆசிரியருக்கும் இதில் ஒரு வலுவூட்டம் உண்டு என்பதைப் பயிற்சி ஏடுகள் அரிதாகவே கூறுகின்றன. அவன் வெளியேறியவுடன் வகுப்பு அமைதியடைகிறது. ஆகவே வெளியே அனுப்பும் பழக்கம் ஆசிரியரிடமும் வேரூன்றுகிறது. இருவரும் ஒருவரையொருவர் பயிற்றுவித்துக்கொள்கின்றனர்.

எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. வளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு குழந்தைகளிடம் கடினமான பணியும் பெரியவர்களின் கவனக் குறைவும் எவ்வாறு தகாத நடத்தையைத் தூண்டுகின்றன என்று அவர்கள் கண்டறிந்தனர். பின்னர் உதவி கேட்கவும் பாராட்டை நாடவும் உரிய சொற்களைக் கற்பித்தனர். தகாத நடத்தை குறைந்தது. பணி கடினமானது என்று சொல்ல வழி கிடைத்தபோது அதை நடத்தையால் சொல்ல வேண்டிய தேவை நீங்கிற்று. சிறு எண்ணிக்கையினரிடம், தனித்த சூழலில் நிகழ்ந்த ஆய்வு இது. நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கு அப்படியே பொருத்துவது இயலாது. ஆயினும் அதன் மையக் கருத்து எளிமையானது. மேற்கண்ட மாணவனிடம் எந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்பதை முதல்நாளே தனியே சொல்லிவிடுவதும், வரிசை முறையைக் கைவிட்டு இருவர் இருவராகப் படிக்கச் செய்வதும் செலவற்ற மாற்றங்கள். அவன் நோட்டை இழுக்கும் காரணம் அவற்றால் பாதி மறையும். மீதிப் பாதிக்கு எழுத்தறிவுப் பயிற்சி வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை அதைத் தாராது.

கொந்தளிப்பின் படிகள்

முன்கூட்டிய ஏற்பாடுகள் அனைத்தையும் மீறி மோதல் மூளும் தருணங்கள் உண்டு. ஜெஃப் கால்வின் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் கொந்தளிப்பை அமைதி, தூண்டல், பதற்றம், முடுக்கம், உச்சம், தணிவு, மீட்சி என ஏழு படிகளாகக் காண்கிறார். ஒவ்வொரு படிக்கும் உரிய எதிர்வினை வேறு. ஒரு படிக்குரியதை மற்றொன்றில் செய்வதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

பதற்றப் படியின் குறிகள் சிறியவை: தலையை மேசையில் கவிழ்த்தல், காலாட்டல், பேனாவைத் தட்டிக்கொண்டிருத்தல், வழக்கத்திற்கு மாறான மௌனம். அப்போது அருகே சென்று தாழ்ந்த குரலில் இரண்டு சொல் பேசுவதும் தண்ணீர் குடித்துவர அனுப்புவதும் பயன்தரும். முடுக்கப் படியில் மாணவர் ஆசிரியரைச் சொற்போருக்கு இழுக்கிறார். ‘நீ யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்?’, ‘முடிந்தால் செய்து பார்!’ என்னும் மறுமொழிகள் அவ்வழைப்பை ஏற்பவை. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கையில் பதின்பருவத்தினர் பின்வாங்குவது அரிது. ஆசிரியர் பின்வாங்குவதும் அரிதே. ஆகவே பார்வையாளரை அகற்றுவது அம்மாணவரை அகற்றுவதைவிட எளிதாகவும் பாதுகாப்பாகவும் அமையும். மற்றவர்களை நூலகத்திற்கோ விளையாட்டிடத்திற்கோ அனுப்பிவிட்டு, கதவை மறைக்காமல், கை எட்டாத தொலைவில் நின்று, ஏற்கத்தக்க இரண்டு வழிகளை முன்வைத்து, தெரிவு செய்யக் கால இடைவெளி தருவது பயிற்றுநர் பலரும் ஒப்புக்கொள்ளும் முறையாகும்.

‘நாளை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்பது தமிழ்நாட்டு வகுப்பறையின் மிகப் பழகிய மறுமொழி. வீட்டில் அடி காத்திருக்கும் பிள்ளைக்கு இது கொலைமிரட்டலுக்கு ஒப்பாக ஒலிக்கலாம். பெற்றோரை அழைத்தல் தேவையே. அதைப் பள்ளி நேரடியாகச் செய்ய வேண்டும். கொந்தளிப்பு அடங்கிய பின் செய்ய வேண்டும். பிள்ளையின் நற்கூறு ஒன்றையும் சொல்லித் தொடங்க வேண்டும்.

உச்சப் படியில் கற்பித்தலுக்கும் அறிவுரைக்கும் இடமில்லை. பாதுகாப்பு ஒன்றே நோக்கம். உடனடிக் காயத்தைத் தடுக்க ஒருவரைப் பிடித்து நிறுத்துவது தண்டனையிலிருந்து வேறுபட்டது. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஒன்று பள்ளிப் பணியாளர் அளவான வலிமையைப் பயன்படுத்தும் அதிகாரத்தைத் தனிப் பிரிவாக (பிரிவு 93) வரையறுத்துள்ளது. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் இதுபற்றி எதுவும் கூறவில்லை. இரு மாணவர் அடித்துக்கொள்ளும்போது இடைபுகும் ஆசிரியர் தம் செயல் எவ்வாறு பொருள்கொள்ளப்படும் என்று அறியாமலேயே இடைபுகுகிறார். அல்லது அஞ்சி ஒதுங்குகிறார். இவ்வெற்றிடத்தைத் துறையின் சுற்றறிக்கை ஒன்றே நிரப்பலாம்.

தணிவுப் படியில் உடனே மன்னிப்புக் கேட்கச் சொல்வது பரவலான வழக்கம். உடல் இன்னும் தணியாத நிலையில், அதுவும் பலர் முன்னிலையில் கேட்கப்படும் மன்னிப்பு, சுழற்சியைத் தூண்டல் படிக்கே திருப்பிவிடும்.

அச்சுறுத்தலை எடைபோடுதல்

2012 பிப்ரவரியில் சென்னைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனால் ஆசிரியை ஒருவர் வகுப்பறையிலேயே கொல்லப்பட்டார். அதன்பின் ஆசிரியர் பாதுகாப்பு பேசுபொருளாயிற்று. இத்தகைய நிகழ்வுகள் மிக அரியவை. அரியவை என்பதாலேயே, இன்ன குணமுடைய மாணவர் இதைச் செய்வார் என்று முன்னறிவது இயலாது. அமெரிக்க இரகசியக் காவற்பணித் துறையும் கல்வித் துறையும் இணைந்து 1974 முதல் 2000 வரை நிகழ்ந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. தாக்கியோருக்குப் பொதுவான ஆளுமை வரைவு எதுவும் இல்லை என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. ஆயினும் 81 விழுக்காட்டு நிகழ்வுகளில் குறைந்தது ஒருவருக்கேனும் தாக்குதல் பற்றி முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் சக மாணவர்கள்.

இம்முடிவுகள் இடர் மேலாண்மையின் திசையையே மாற்றின. குணத்தை ஊகிப்பதை விட்டு, சொல்லப்பட்ட அச்சுறுத்தலை விசாரிக்கும் முறை உருவாயிற்று. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டூவி கார்னெல் வகுத்த நெறி, அச்சுறுத்தல்களை இருவகையாகப் பிரிக்கிறது. சினத்திலோ விளையாட்டிலோ சொல்லப்பட்டு, விளக்கமும் வருத்தமும் தெரிவித்தவுடன் தீர்ந்துவிடுபவை ஒருவகை. இலக்கு, திட்டம், கருவி, துணைவர், தொடரும் பகை ஆகியவற்றின் அடையாளம் உள்ளவை மற்றொருவகை. முதல்வகையை வகுப்பாசிரியரே தீர்க்கலாம். இரண்டாவதில் முதற்கடமை இலக்கானவரைக் காப்பது. விசாரணையும் ஒழுங்கு நடவடிக்கையும் அதன்பின்னரே.

நாங்குநேரி காட்டும் வரிசைமுறை

2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். தாக்கியோர் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள். தொடர்ந்த துன்புறுத்தலால் அம்மாணவர் பள்ளிக்கு வராதிருந்தார், பள்ளியில் முறையிடப்பட்டது, முறையீட்டுக்குப் பின் அன்றிரவே தாக்குதல் நிகழ்ந்தது.

இங்கே கவனத்துக்குரியது வரிசைமுறை. புகார் பெறப்படும் கணம், பள்ளியின் பார்வையில் சிக்கல் தீரத் தொடங்கும் கணம். புகார் தந்தவருக்கோ இடர் உச்சமடையும் கணம். புகார் தந்தவர் யார் என்று எதிர்த்தரப்பு அறிந்த பின் அவர் எவ்வழியில் வீடு திரும்புவார், அன்றிரவு எங்கிருப்பார், காவல்துறைக்கு எப்போது தெரிவிப்பது ஆகியவை விசாரணைக்கு முன்பே முடிவாக வேண்டியவை. பல நாள் வராமை, சாதிப் பெயர் சொல்லி இழித்தல், குழுவாகச் செயல்படல், உள்ளூர்ப் பகையின் பின்புலம் ஆகியவை சேர்ந்த புகார் எந்த நெறியின்படியும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதை ‘பசங்களுக்குள் சண்டை’ என்று முதல்வகையாகக் கொள்ளும் பழக்கம் தென்மாவட்டப் பள்ளிகளில் புதிதன்று. பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள ‘மாணவர் மனசு’ பெட்டியும் 14417, 1098 ஆகிய உதவி எண்களும் தகவல் வருவதற்கான வழிகள். வந்த தகவலை முதல் இருபத்து நான்கு மணிநேரத்தில் எவ்வாறு கையாள்வது என்பது தனித்த அறிவு.

மேலே விளக்கிய பயன்வழிப் பகுப்பாய்வின் எல்லையையும் இந்நிகழ்வு காட்டுகிறது. நோட்டை இழுக்கும் மாணவனுக்கு வலுவூட்டம் வகுப்பறைக்குள் கிடைக்கிறது; ஆசிரியரால் அதை மாற்ற முடியும். கையில் சாதி நிறக் கயிறு கட்டிவரும் மாணவனுக்கு அது தெருவிலிருந்தும் திருவிழாப் பதாகையிலிருந்தும் கைப்பேசித் திரையிலிருந்தும் வருகிறது. இருக்கையை மாற்றுவதாலும் தாழ்ந்த குரலில் பேசுவதாலும் மட்டும் அது குறையாது. நிகழ்வுக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை இதை உணர்ந்தே பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கல், நிறக் கயிறுகளைத் தடைசெய்தல், அகரவரிசைப்படி அமரச் செய்தல், ஆசிரியர் பணியிட மாற்றம் முதலியவற்றைப் பரிந்துரைத்தது. கயிறும் பொட்டும் பற்றிய பரிந்துரைகளே அரசியல் விவாதத்தை ஈர்த்தன. மாணவர் எண்ணிக்கை மிக்க பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்னும் பணியிடம் வேண்டும் என்ற பரிந்துரை அதே அளவு பேசப்படவில்லை. இடர் மேலாண்மை நோக்கில் அதுவே முதன்மையானது. ஏனெனில் புகாரைப் பெறவும் எடைபோடவும் பாடவேளைச் சுமையற்ற ஒருவர் இன்று பெரும்பாலான பள்ளிகளில் இல்லை.

வெளியேற்றலும் திரும்பிவருதலும்

2022இல் ஆசிரியரை மாணவர் மிரட்டும் காணொளிகள் சில பரவியபோது, தவறாக நடப்போரின் மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணத்தைக் குறிப்பிட்டு நிரந்தரமாக நீக்கும் நிலை வரும் என்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அறிவித்தார். ஆசிரியரின் அச்சத்திற்கு அரசு காட்டிய மறுமொழி அது; அந்த அச்சம் உண்மையானது. ஆனால் எட்டாம் வகுப்பு வரை அதைச் சட்டம் தடுக்கிறது. மேல்வகுப்புகளில் அது இடரை நீக்குவதில்லை; பள்ளி வாயிலுக்கு வெளியே இடம்பெயர்க்கிறது. அமெரிக்காவில் 1990களில் பரவிய ‘சற்றும் பொறாமை’ கொள்கையை ஆராய்ந்த அமெரிக்க உளவியல் கழகத்தின் பணிக்குழு, அது பள்ளிகளைப் பாதுகாப்பானவை ஆக்கியதற்குச் சான்றில்லை என்று 2008இல் கூறியது. கறுப்பின மாணவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டதையும் சுட்டியது. தமிழ்நாட்டில் நீக்கப்படுவோர் எவ்வீட்டுப் பிள்ளைகள் என்பது தனி ஆய்வுக்குரியது.

பதிவேடு பற்றியும் ஒன்று கூற வேண்டும். ‘அடங்காதவன்’, ‘மோசமான நடத்தை’ எனக் குறிப்பேட்டில் எழுதப்படுபவை தீர்ப்புகள். அவற்றால் அடுத்த ஆசிரியர் எதையும் அறிய முடியாது. நாள், பாடவேளை, முன் நிகழ்ந்தது, சொன்ன சொல், செய்த செயல், அதன்பின் நடந்தது என்று ஐந்து வரிகள் எழுதப்பட்டால் மூன்று வாரத்தில் ஒரு வடிவம் தெரியவரும்: உணவு இடைவேளைக்குப் பின்னரே நிகழ்கிறது, ஒரே ஆசிரியரின் வகுப்பில்தான் நிகழ்கிறது, திங்கட்கிழமைகளில் மிகுகிறது என்பன போல. திங்கட்கிழமை என்றால் வீட்டில் ஞாயிறு எவ்வாறு கழிகிறது என்று கேட்க வேண்டியிருக்கும். அக்கேள்வி குழந்தைகள் நலக் குழு வரையிலும் செல்லக்கூடும்.

இடைநீக்கம் தவிர்க்க இயலாததாகும்போது, மாணவர் திரும்பி வரும் நாளே மிகுந்த கவனத்திற்குரியது. பெரும்பாலான பள்ளிகளில் அந்நாளுக்கு நடைமுறை எதுவும் இல்லை. மன்னிப்புக் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்திட்டால் போதும். பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டித் தெரிவித்தல், இருவரும் ஒரே வகுப்பில் அமர்வதா என்று முடிவுசெய்தல், முதல் பாடவேளைக்கு முன் தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோ அவரைத் தனியே சந்தித்து அன்றைய வேலையைச் சொல்லுதல், நாளில் ஒருமுறை சென்று பேசத்தக்க ஆசிரியர் ஒருவரை அவரே தெரிந்தெடுக்க விடுதல் ஆகியவற்றுக்கு ஒரு மணிநேரத்திற்கு மேல் தேவைப்படாது. அந்த ஒரு மணிநேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிட்டு ஒதுக்கும் அதிகாரம் தலைமையாசிரியரிடம் உள்ளது.